யாரும் வராத அடக்கம்: ஆர்தர் மில்லரின் நாடகத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் எழுதிய ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ 1949ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நியூயார்க் நகரில் முதன்முதலாக மேடையேறியது. அவ்வாண்டிலேயே புலிட்சர் பரிசும் பெற்றது. உலகின் பல மொழிகளில் மீண்டும் மீண்டும் நடிக்கப்பட்டுவரும் அந்நாடகத்தைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். சாதாரண மனிதன் ஒருவனின் வீழ்ச்சியை அவலச்சுவை நாடகம் என்று அழைக்கலாமா என்பது அவர்களுக்கிடையே நிகழ்ந்த நீண்ட வழக்கு. அவ்வழக்கில் நாம் நுழையப்போவதில்லை. கத்தோலிக்க வாசகர் ஒருவரின் கண்ணில் உடனே படவேண்டிய வேறொரு செய்தி அந்நாடகத்தில் உண்டு. அதிலிருந்து தொடங்குவோம்.

இரண்டு அங்கங்கள் முடிந்தபின் வரும் சிறிய இறுதிப் பகுதிக்கு மில்லர் ‘ரெக்வியம்’ என்று தலைப்பிட்டார். இறந்தோருக்காக நம் திருச்சபை ஒப்புக்கொடுக்கும் பலியின் பெயர் அது. ‘இளைப்பாற்றி’ என்று நம் முன்னோர் அழகாகத் தமிழாக்கிய இலத்தீன் சொல். யூதக் குடும்பத்தில் பிறந்த மில்லர் நம்மிடமிருந்து அச்சொல்லை வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் காட்டும் இளைப்பாற்றியில் பலிபீடம் இல்லை, குரு இல்லை, மன்றாடும் சபையும் இல்லை. ஒரு கல்லறை இருக்கிறது. மனைவி, இரு மகன்கள், பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய மகன் என ஐந்து பேர் நிற்கிறார்கள். ஏன் ஒருவருமே வரவில்லை என்று அந்த மனைவி வியந்து கேட்கிறாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

இக்காட்சியின் கூர்மை புரிய, வில்லி லோமன் என்னும் அம்மனிதன் எதை நம்பி வாழ்ந்தான் என்று பார்க்க வேண்டும். அறுபத்து மூன்று வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே நிறுவனத்திற்காக ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்றவன். இளமையில் டேவ் சிங்கிள்மன் என்ற முதிய விற்பனையாளரைக் கண்டு மயங்கியவன். எண்பத்து நான்கு வயதிலும் விடுதி அறையில் அமர்ந்தபடியே தொலைபேசியில் வணிகம் செய்த அம்முதியவரின் அடக்கத்திற்கு நூற்றுக்கணக்கானோர் திரண்டு வந்தார்களாம். பலருக்கும் பிடித்தவனாக வாழ்ந்து, பலரும் வர அடக்கம் செய்யப்படுவதே மனித வாழ்வின் மதிப்பு என்று வில்லி முடிவு செய்துகொண்டான். தன் மதிப்பை முழுவதும் பிறர் கையில் கொடுத்துவிட்டான் என்று சொன்னாலும் பொருந்தும்.

அந்த மதிப்பு படிப்படியாகப் பறிபோகிறது. முதலில் நிலையான ஊதியம் நிறுத்தப்படுகிறது. தரகுப் பணம் மட்டுமே மிஞ்சுகிறது. அலைய முடியவில்லை, நகரத்திலேயே ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்கச் செல்கிறான். முதலாளியான ஹோவர்டு, வில்லி பிள்ளையாகப் பார்த்தவன். அவனோ புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் குழந்தைகளின் குரலைப் போட்டுக் காட்டி மகிழ்கிறான். வில்லி வாரத்திற்கு 65 டாலர் கேட்கிறான், பிறகு 50, பிறகு 40. ஏலத்தில் பொருளின் விலை ஏறும். இங்கே ஒரு மனிதன் தானே தன் விலையை இறக்கிக்கொண்டு போகிறான். இறுதியில் இருந்த வேலையும் போகிறது. கொடுமைக்காரன் எவனும் அந்த அறையில் இல்லை. ஹோவர்டு குரலை உயர்த்துவதில்லை. ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளைகள் இருக்கிறார்களே என்றுகூடச் சொல்கிறான். இரக்கத்தின் மொழியிலேயே ஒரு மனிதனை வெளியே அனுப்ப முடியும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சிகள் இலக்கியத்தில் மிகச் சிலவே.

வேலை பறிபோகும்போது ஊதியத்தோடு வேறு என்னவெல்லாம் பறிபோகின்றன? இதற்கு விடை தேட, நாடகத்தைச் சற்று நிறுத்திவிட்டு, அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னே வெளிவந்த ஓர் ஆய்வு நூலைப் புரட்ட வேண்டும். வியன்னா நகருக்குத் தென்கிழக்கே மரியந்தால் என்றொரு தொழிற்சாலைக் குடியிருப்பு. ‘மரியாவின் பள்ளத்தாக்கு’ என்பது அப்பெயரின் பொருள். 1929-30இல் அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டது. 478 குடும்பங்கள் வாழ்ந்த அவ்வூரில் மிகப் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் வேலையற்றவையாயின. மரீ யஹோதா, பவுல் லாசர்ஸ்ஃபெல்டு, ஹான்ஸ் சைசல் என்ற மூன்று இளம் ஆய்வாளர்கள் தம் குழுவினரோடு அங்கே சென்று பழகி, கண்டவற்றை 1933இல் நூலாக்கினர்.

வேலையற்றவர்களுக்கு ஓய்வு நேரம் ஏராளம். ஆகவே படிப்பார்கள், கூடுவார்கள், கிளர்ந்தெழுவார்கள் என்று பலர் எதிர்பார்த்திருந்தனர். நடந்தது நேர்மாறு. நூலகத்தில் கட்டணம் நீக்கப்பட்டிருந்தும், எடுத்துச் செல்லப்பட்ட நூல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சங்கங்கள் சோர்ந்தன. ஆய்வாளர்கள் கையில் கடிகாரத்தோடு ஒரு சன்னலோரம் நின்று தெருவைக் கவனித்தனர். ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர். பெண்களும் ஆலை வேலையை இழந்தவர்களே. ஆயினும் அடுப்பும் பிள்ளைகளும் அவர்களுடைய நாளுக்கு ஒரு காலையையும் ஒரு மாலையையும் தந்தன. ஆண்களுக்கோ, நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எழுந்தது நினைவிருக்கிறது, உண்டது நினைவிருக்கிறது. இடைப்பட்ட மணிகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

பல்லாண்டுகள் கழித்து யஹோதா இதை வகைப்படுத்தினார். வேலை என்பது கூலியைத் தவிர ஐந்து பொருள்களைத் தருகிறது: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே உறவு, பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், கைகளுக்கு இடைவிடாத பணி. இவ்வைந்தும் ஒரே நாளில் போய்விடுகின்றன. உதவித்தொகை கூலியை ஓரளவு ஈடு செய்யலாம். இவ்வைந்தையும் ஈடு செய்வது யார்?

மில்லர் இந்த ஆய்வைப் படித்தாரா என்பது நமக்கு முக்கியமன்று. அவருக்கு அது தேவைப்பட்டிருக்கவும் மாட்டாது. பெரும் பொருளாதார வீழ்ச்சியில் அவருடைய தந்தையின் ஆடைத் தொழில் அழிந்தது. வீட்டுத் தலைவர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே சிறுத்துப்போவதை அவர் அருகிலிருந்து பார்த்தவர். ஆயினும் ஆய்வு காட்டாத ஒன்றை நாடகம் காட்டுகிறது. மரியந்தாலில் எல்லாரும் வேலையற்றவர்கள். எனவே வறுமை பொதுவாயிற்று, வெட்கம் அவ்வளவாகப் பெருகவில்லை. வில்லியோ தனியாக வீழ்கிறான். சுற்றியுள்ளோர் ஏறிக்கொண்டிருக்கும்போது இறங்குகிறான். ஆகையால் மறைக்கிறான். பக்கத்து வீட்டு சார்லியிடம் வாரந்தோறும் 50 டாலர் கடன் வாங்கி, அதைத் தன் சம்பளம் என்று மனைவியிடம் கொடுக்கிறான்.

இங்கேதான் நாடகத்தின் ஆழமான காயம் இருக்கிறது. மனைவி லிண்டாவுக்கு எல்லாம் தெரியும்! அது கடன் பணம் என்று தெரியும். கணவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுகிறான் என்பதற்கான அடையாளத்தையும் அவள் வீட்டிலேயே கண்டுவிட்டாள். கண்டும் அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் அவமானப்படுவானே, அவனுடைய மானத்தைக் குலைத்தவளாகிவிடுவேனே என்று அஞ்சுகிறாள். பகலில் அதை அகற்றுகிறாள். அவன் வீடு திரும்பும் நேரத்தில் இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறாள். மகன்களிடம் குமுறுகிறாள், தந்தையைக் கவனியுங்கள் என்று கெஞ்சுகிறாள். உரியவனிடம் மட்டும் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

அவளிடம் அன்பு குறைவு என்று யாரும் கூற இயலாது. மரியாதை என்ற பெயரில் அவள் காத்த மௌனமே கணவனைச் சுற்றி எழுந்த கடைசிச் சுவராயிற்று. நம் வீடுகளில் இச்சுவர் இல்லையா? “அவரிடம் அதைப் பற்றிப் பேசாதே, மனம் புண்படும்” என்று தாய் பிள்ளைகளை அடக்கும் குரல் நமக்குப் பழக்கமற்றதா? ஒருவரிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் இன்றும் பலரிடம் உண்டு. இத்துறையில் உழைக்கும் மருத்துவர்கள் இதை மறுக்கிறார்கள். பரிவோடு கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை. பெரும்பாலும் சுமையை இறக்கிவைக்கவே உதவுகிறது.

மில்லர்மீது நமக்குள்ள குறையையும் சொல்லியாக வேண்டும். லிண்டாவுக்கென்று ஒரு துயரத்தை, ஒரு கனவை, ஒரு தோழியை அவர் படைக்கவில்லை. கணவனைத் தாங்கும் தூணாக மட்டுமே நிறுத்திவிட்டார். அவ்வாறே இக்குடும்பத்திற்கு ஓர் ஆலயம், ஒரு தொழுகைக்கூடம், ஒரு சங்கம் என எதுவுமே இல்லை. தனிமையைக் காட்ட விரும்பியவர், மனிதர்கள் உண்மையில் சார்ந்து நிற்கும் பல கிளைகளையும் வெட்டிவிட்டே காட்டினார். சார்லி ஒருவரைத் தவிர.

சார்லியை நாம் நல்ல சமாரியருக்கு ஒப்பிடத் தோன்றும். கேட்டபோதெல்லாம் கொடுத்தார், கணக்குக் கேட்கவில்லை. வேலையும் தருவதாகச் சொன்னார், அலைச்சல் இல்லாத வேலை. வில்லி மறுத்துவிட்டான். கடன் வாங்கக் கூசாதவன் வேலையை ஏற்க ஏன் கூசினான்? கடனை இரவல் என்று சொல்லிக்கொள்ளலாம். வேலையை ஏற்றால், தான் தோற்றதையும் சார்லி வென்றதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். தன்னையே விலைப்பட்டியலில் வைத்துப் பார்த்தவனுக்கு அன்பும் ஏளனமாகவே தெரியும். உயிரோடிருப்பதைவிட இறந்தால் தனக்கு மதிப்பு அதிகம் என்று அவன் சார்லியிடமே கணக்குச் சொல்கிறான். இறந்தவனால் யாருக்கும் ஒரு பயனுமில்லை என்று சார்லி மறுக்கிறார். அந்த மறுப்பு சரியானது, ஆனால் போதவில்லை. பணம் கொடுத்தவரிடம் பணம் வாங்கியவன் தன் நெஞ்சைத் திறந்து காட்ட முடியவில்லை.

இறுதி இரவில் மூத்த மகன் பிஃப் தந்தையைக் கட்டிப் பிடித்து அழுகிறான். மகன் தன்னை நேசிக்கிறான் என்று வில்லி அப்போதுதான் உணர்கிறான். அந்த உணர்வே அவனைக் காப்பாற்றியிருக்க வேண்டும். மாறாக, இவ்வளவு அன்புள்ள மகனுக்கு 20,000 டாலர் காப்பீட்டுப் பணம் கிடைத்தால் எவ்வளவு உயர்வான் என்று எண்ணி வெளியேறுகிறான். இலவசமாகக் கிடைத்த அன்புக்கும் விலை கொடுக்கப் போகிறான். விற்பதற்கு வேறு சரக்கு இல்லாததால் தன்னையே விற்கிறான். இதைத் தியாகம் என்று மயங்கிவிடக்கூடாது. மகன் கேட்டது பணத்தை அன்று. பொய்க் கனவை விட்டுவிட்டு உயிரோடிருக்கும் தந்தையைத்தான்.

கல்லறையருகே பிஃப் ஓர் உண்மையை நினைவுகூர்கிறான். தந்தை விற்ற சரக்குகள் அனைத்திலும் இருந்ததைவிட, வீட்டு முன்படிக்கட்டைக் கட்டிய அவருடைய கைவேலையில்தான் அவர் அதிகமாக இருந்தார் என்பது அவன் கருத்து. வில்லி உண்மையில் நல்ல கைவினைஞன். அது அவனுக்கு மதிப்பாகத் தோன்றவில்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலின் மையக் கருத்தை இங்கே நினைவுகூரலாம். உழைப்பின் மதிப்பு செய்யப்படும் பொருளிலிருந்து வருவதன்று. செய்கிறவர் ஒரு மனிதர் என்பதிலிருந்து வருகிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பருக்கு அர்ப்பணித்தபோது நமக்குக் கிடைத்த பாடமும் அதுவே. ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. உழைப்பைப் புகழ்ந்து பாடும் நாம், உழைப்பு கிடைக்காதவனை அந்தத் திருநாளில் எங்கே நிறுத்துகிறோம்? திராட்சைத் தோட்ட உவமையில், மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் நின்றவர்களைத் தலைவர் சோம்பேறிகள் என்று ஏசவில்லை. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார். தங்களை யாரும் அழைக்கவில்லை என்ற பதிலை நம்பினார். முழுக் கூலி கொடுத்தார். முதலில் கேட்டார் என்பதையே நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

கத்தோலிக்கராகிய நமக்கு இத்துறையில் ஒரு தன்னிறைவு நெடுங்காலமாக உண்டு. பிரெஞ்சுச் சமூகவியல் அறிஞர் எமில் துர்க்கைம் 1897இல் வெளியிட்ட நூலில், ஐரோப்பாவில் கத்தோலிக்கப் பகுதிகளில் தற்கொலை குறைவு என்று கணக்கிட்டார். அக்கணக்கைப் பின்வந்தோர் கேள்விக்குள்ளாக்கினர். கத்தோலிக்கப் பகுதிகளில் அவமானத்திற்கு அஞ்சி மறைக்கப்பட்டவை பல இருக்கலாம் என்றனர். அது ஒருபுறமிருக்க, துர்க்கைம் தந்த விளக்கத்தையேனும் நாம் கவனித்தோமா? கோட்பாட்டின் கண்டிப்பு காத்தது என்று அவர் சொல்லவில்லை. மனிதர்களை ஒருவரோடொருவர் பிணைத்த கூட்டு வாழ்வு காத்தது என்றார். அப்படியானால், பிணைப்பு தளரும் இடத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள பெயர் யாரையும் காக்காது.

நம் நாட்டு நிலையை ஒருமுறை நோக்குவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தோர் 1,70,924 பேர். அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆண்கள். நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். எண்ணிக்கையில் தமிழ்நாடு முன்வரிசை மாநிலங்களில் ஒன்று. வேலையின்மை ஒன்றே காரணம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. நோய், கடன், குடி, குடும்பப் பிணக்கு எனப் பல இழைகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை ஒருவன் யாரிடமும் சொல்லாமல் தனியே சுமக்கிறான் என்பதே பல இடங்களில் பொதுவாகக் காணும் இழை.

சட்டம் மாறிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதிச் சிகிச்சை தரவேண்டும் என்று 2017இன் மனநலச் சட்டம் கூறுகிறது. அம்முயற்சியைக் குற்றமாக்கிய பழைய பிரிவு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. திருச்சபைச் சட்டமும் மாறிவிட்டது. தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை 1917இன் சட்டத்தொகுப்பு மறுத்திருந்தது. 1983இன் தொகுப்பில் அத்தடை இல்லை. அச்செயல் தவறு என்பதை உறுதியாகச் சொல்லும் 1992இன் மறைக்கல்வி ஏடு, கடுந்துயரமும் மனநோயும் பொறுப்பைக் குறைக்கலாம் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் கற்பிக்கிறது. மாற வேண்டியவர்களில் மிஞ்சியிருப்பவர்கள் நாமே. இன்றும் சில மேடைகளில் யூதாசின் பெயர் இத்தகையோர்மீது எறியப்படுகிறது. மனம் வருந்தி, பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த அவனிடம், அது எங்கள் கவலையன்று என்று தலைமைக் குருக்கள் கைகழுவியதை மத்தேயு நற்செய்தி பதிவு செய்திருக்கிறது. அவ்வசனத்தை அம்மேடைகளில் நாம் கேட்டதில்லை.

நாம் அறிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. நம் பங்கைச் சேர்ந்தவர். ஐம்பது வயதைக் கடந்தபின் வேலை போயிற்று. ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போதெல்லாம், “இன்னும் ஒன்றும் அமையவில்லையா?” என்று நாம் அக்கறையோடுதான் கேட்டோம். சில மாதங்களில் அவர் விடியற்காலைத் திருப்பலிக்கு மாறிக்கொண்டார். பிறகு அதற்கும் வரவில்லை. அன்பியக் கூட்டம் அவருடைய தெருவிலேயே மாதந்தோறும் நடந்தது. பெண்களே பெரும்பாலும் கூடும் அக்கூட்டத்தில் அவருடைய மனைவி தவறாமல் செபித்தார். வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழைகளின் வீடுகளைத் தேடிச் சென்றார்கள். சலவைச் சட்டை அணிந்திருந்த அவர் அவர்கள் பட்டியலில் வரவில்லை. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து அந்தச் செய்தி வந்தது.

அவருடைய அடக்கத்திற்கு ஆலயம் நிரம்பி வழிந்தது. வில்லி லோமன் கனவு கண்ட அடக்கம் அது. நாமும் சென்றிருந்தோம். அன்றைக்கு நமக்கு உறைத்தது இதுதான்: மில்லரின் நாடகத்தில் அடக்கத்திற்கு யாரும் வரவில்லை, நம் ஊரிலோ அடக்கத்திற்கு எல்லாரும் வருகிறோம், அதற்கு முந்தைய பதினெட்டு மாதங்களில்தான் யாரும் போவதில்லை. இரண்டு தனிமைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்றும் இல்லை.

இறைவாக்கினர் எலியா பாலைநிலத்தில் சூரைச்செடியின் அடியில் படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டியதை அரசர்களின் முதல் நூல் மறைக்கவில்லை. வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. தொட்டு எழுப்பினார். அப்பமும் நீரும் வைத்தார். மறுபடி உறங்கவிட்டார். மறுபடி வந்து தொட்டார். பயணம் நீண்டது என்பதை ஒப்புக்கொண்டார். கடவுளின் குரலும் புதிய பணியும் அதன் பிறகே வந்தன. வேலையிழந்தவனிடம் வேலையைப் பற்றி மட்டும் கேட்கும் நமக்கு இம்முறையில் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. அவனுடைய நாளில் ஒரு மணியையேனும் நிரப்பலாம். பங்கின் கணக்கையோ தச்சுவேலையையோ அவன் கையில் ஒப்படைக்கலாம். அவனுடைய உதவியை நாம் கேட்கலாம். தேவையானால், சாக எண்ணுகிறாயா என்று முகத்துக்கு நேரே பரிவோடு கேட்டு, பதிலைக் கேட்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். பதில் அச்சமூட்டினால் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பும், 14416 என்ற எண்ணில் அரசு நடத்தும் தொலைபேசிச் சேவையும் அதற்காகவே இருக்கின்றன.

இளைப்பாற்றி என்னும் சொல்லை இறந்தோருக்கென்றே நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். சுமை சுமந்து சோர்ந்தவர்கள் தம்மிடம் வரவேண்டும், தாம் இளைப்பாறுதல் தருவதாக ஆண்டவர் சொன்னபோது, உயிரோடு எதிரில் நின்றவர்களைப் பார்த்தே சொன்னார். வரும் ஞாயிறு, விடியற்காலைத் திருப்பலியில் கடைசித் தூணருகே நின்றுவிட்டு, இறுதி ஆசீருக்கு முன்பே வெளியேறும் ஒருவரை நாம் காணக்கூடும். அவரோடு சேர்ந்து நடந்து செல்வோம்.